மூக்கால் ஓட்டிய கார்

வேலூரிலிருந்து ஆம்பூர் போகும் பஸ். முன் சீட்டுக்காரர் சொன்ன ஒரு வார்த்தையில் என் தூக்கம் கலைந்தது.

“ஜிபிஎஸ்ஸ ஆஃப் பண்ட்டு மூக்கால ஓட்னேன்பா.”

“இத்தாலிலயா?” என்றார் பக்கத்திலிருந்த நண்பர்.

“ஆமா, வாடகை காரு. பத்து மணிக்கு தோல் ஃபேக்டரில மீட்டிங். லேட்டானா ஆர்டர் போய்டும். மிஷினு இன்னாடான்னா ‘வந்து சேர்ந்துட்டீங்க’ன்னுது, பாத்தா எதிர்ல சர்ச்சு. மூணு வாட்டி சுத்தியும் அதே சர்ச்சு. பேஜாராய்டுச்சு. கண்ணாடிய எறக்கினேன். குப்புன்னு ஒரு நாத்தம், நம்ம ஆம்பூர் தோல் ஃபேக்டரில வர்ற மாதிரியே. இதான் நம்ம எடம்னு அத புடிச்சுகினே போனேன்.”

“கரெக்டா போய்ட்டியா?”

“போய்ட்டேன், சீஸ் கம்பெனிக்கு! அவங்கதான் வழி சொன்னாங்க. தோல் ஃபேக்டரி அந்த சர்ச்சு பின்னாடியேதான் இருந்துச்சு. உள்ள போய் மோந்து பாத்தா கூட ஒரு வாசனை இல்ல, ஆஸ்பத்திரி மாதிரி சுத்தம்.”

“ஆர்டரு?”

“கெடச்சுடுச்சு.”

இருவரும் குலுங்கிச் சிரித்தார்கள். பிறகு அவர் கண்ணை மூடிச் சாய்ந்துகொண்டார். வெகுநேரம் கழித்து, கண்ணைத் திறக்காமலே மூக்கை ஒருமுறை உறிஞ்சிவிட்டு, நண்பரின் தொடையைத் தட்டினார்.

“எந்திரி. ஆம்பூர் வந்துடுச்சு.”