பல்பு வெச்ச அலமாரி

அட, எந்திரிக்காதீங்க சாமி, நீங்க உங்க வேலையப் பாருங்க. நான் இப்படி போன் கூண்டு ஓரமா நின்னுக்கறேன். ஏனுங்க, அந்தக் கம்ப்யூட்டரு எதுக்குங்க இப்படிக் கர்ரு கர்ருன்னு கத்துது? மிக்சில கல்லு உழுந்த மாதிரி. படிக்கத்தான் பாக்குதுங்களா? அப்ப இன்னும் வல்லீங்களா? ஒரு மெயிலு கூடவா வல்லை?

சரி சரி. சூசைமாணிக்கத்தைத் தேட வேண்டாமுங்க, வழியில பாத்தேன். மிசினு ரிப்பேருக்குச் சேலத்துல இருந்து வந்த தம்பி காலையில இருந்து டீயோட உக்காந்திருக்குதுன்னு உங்களுக்குத்தான் பொரோட்டா வாங்கப் போயிருக்காரு. அவரு கடைய உட்டுக் கெளம்பற சமயம் பாத்துத்தான் நான் வந்தேன். அவரு இருந்தா இதெல்லாம் பேச முடியாதுங்க.

நானுங்களா? அத்தாயிங்க. பக்கத்துல தலைச்சோலை ஊருக்காரி. இங்க மேல ஒரு பங்களாவுல சமையலுக்கு இருக்கேன். மொதலாளி குடும்பம் மெட்ராசுல. கோடைக்கு வந்து நாலு நாள் இருந்துட்டு, ஆரஞ்சு நல்லால்லை, குளிரு நல்லால்லைன்னு சொல்லிட்டுப் போயிருவாங்க. மிச்ச நாளெல்லாம் நானும் அந்தப் பங்களாவுந்தான். எம்பையன் பொன்னுவேலு வெளிநாட்டுல இருக்கான், துபாய்ப் பக்கம். அவன் மெயிலத்தான் நீங்க தேடிக்கிட்டு இருக்கீங்க. கடைக் கணக்கும் தேடறீங்கதான், நான் இல்லைங்கலை. ஆனா மொதல்ல அத்தாயி பையனுதப் பாருங்கன்னு சூசைமாணிக்கம் சொல்லியிருப்பாரே? சொன்னாருல்ல. எனக்குத் தெரியும். நல்ல மனுசனுங்க.

எம்பையனுக்கு அங்க ஒரு கம்பெனி ஆபீசுல டீ குடுக்கற வேலைங்க. மானேஜர் கெளம்புனதுக்கப்பறம் அவுங்க கம்ப்யூட்டர்ல உக்காந்து தட்டுவானாம். பேச்சு தமிழுதான், எழுத்துத்தான் இங்கிலீசு. அது நேரா இந்தக் கடைக்கு வந்துரும். சந்தைக்கு வர்ற அன்னைக்கு நான் எட்டிப் பாப்பேன். வந்திருந்தா சூசைமாணிக்கம் என்னை இந்த ஸ்டூல்ல உக்கார வெச்சு, கண்ணாடிய மாட்டிக்கிட்டு, எழுத்துக் கூட்டி வாசிப்பாரு. அவரு ஞாயித்துக்கெழமை கோயில்ல பைபிள் வாசகம் படிக்கறவருங்க. இங்கயும் அதே ராகந்தான். எம்பையன் எழுதறதோ, ஏ அத்தாயி, உனக்கென்ன கிறுக்கா புடிச்சிருக்குது, ஆரைக் கேட்டுடி அந்த மாட்டை வித்த, அப்படின்னு. அதைப் போயி இவரு கோயில் ராகத்துல இழுத்து இழுத்து வாசிச்சா எப்படி இருக்கும், நெனச்சுப் பாருங்க. ஜெராக்ஸ் எடுக்க வந்தவங்கெல்லாம் வயித்தப் புடிச்சுக்கிட்டுச் சிரிப்பாங்க. நானும் சிரிப்பேன். சிரிச்சுக்கிட்டே கண்ணத் தொடைச்சுக்குவேன்.

ஆமாங்க, பேரு சொல்லித்தான் கூப்புடுவான். அவங்கப்பன் அப்படித்தான் கூப்புடுவாரு. அவரு செத்ததுக்கப்பறம் இவன் புடிச்சுக்கிட்டான். பெத்தவளப் பேரு சொல்றான் பாரு, மட்டு மருவாதி தெரியாத பயன்னு ஊரே திட்டும். எனக்கு அது புடிக்குமுங்க. ஊட்டுல ஒரு அதிகாரம் பண்ற சத்தம் இருந்தாத்தானே ஊடு. மெயில்ல பூராவும் திட்டுதான். கூரை மேல ஏறாதன்னாக் கேக்க மாட்டியா, உழுந்து இடுப்ப ஒடிச்சுக்கிட்டா நானா அங்கிருந்து வந்து தூக்குவேன்னு ஒருக்கா. அனுப்புன கம்பளியப் போத்தாம பொட்டில பூட்டி வெச்சிருப்ப, எனக்குத் தெரியாதா உன்னையன்னு ஒருக்கா. பாருங்க, அது பொட்டிலதான் இருந்துது. அத்தனை தூரத்துல இருந்துக்கிட்டு எப்படிக் கண்டுபுடிச்சானோ, படுபாவி.

இப்பெல்லாம் அப்படியில்லீங்க. இப்ப நொம்ப மரியாதையா வருது. அது கெடக்கட்டும்.

பேப்பர்ல எடுத்துக் குடுத்தாரான்னு கேக்கறீங்களா? தாரேன்னுதான் சொன்னாரு. நான்தான் வேண்டாம்னுட்டேன். படிக்கத் தெரியாதவளுக்குப் பேப்பரு எதுக்குங்க? அவரு வாயால கேட்டாப் போதும்னு இருந்துட்டேன். அவரு எங்க போறாரு, மிசினு எங்க போவுது, மறுக்கா கேக்கோணும்னாலும் வந்து உக்காந்தா வாசிப்பாருன்னு ஒரு நெனப்பு. வாசிப்பாருங்க. கூரை மேல ஏறாதங்கறதை மட்டும் எத்தனையோ தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டிருக்கேன்.

அப்பறந்தான் இந்த ரெண்டாயிரம் பொறக்கப் போவுதுங்கற பயம் வந்து தொலைச்சுது. ரெண்டாயிரம் பொறந்தா பழைய கம்ப்யூட்டரெல்லாம் நின்னு போயிரும், புதுசா விண்டோஸ் ஏத்தோணும்னு ஆரோ இவரைப் பயங்காட்டி உட்டுட்டாங்க. போன மாசம் ஒரு ஆளு வந்தாரு. நீங்க இல்லீங்க சாமி, உங்களைச் சொல்லுவனா. அந்த ஆளு எல்லாத்தையும் தொடைச்சுட்டுப் புதுசாப் போட்டுக் குடுத்துட்டுப் பஸ் ஏறிட்டாரு. இவரு அப்பறம் தொறந்து பாக்கறாரு, ஒரு மெயிலு இல்லை. எனக்கு இன்னைக்கு வரைக்கும் வெளங்கலீங்க. ஊட்டுக்கு வெள்ளையடிக்க வந்தவன் உள்ள இருக்கற சட்டி பானையெல்லாமா கெணத்துல போடுவான்? தனியா எடுத்து வெச்சுட்டுத்தான் பண்ணோணுமா. அதைத்தான் சூசைமாணிக்கமும் சொல்லிச் சொல்லித் தலையில அடிச்சுக்கறாரு. அவரு எடுத்துத்தாங்க வெச்சிருந்தாரு. அந்தா உங்க காலடில டப்பாவுல கெடக்குதே, மெயிலெல்லாம் ஏத்தி வெச்ச அந்த பிளாப்பிகதான்.

பூசணம்தானுங்க அது. வெள்ளையாட்ட, சாம்பலாட்ட. இந்த மழையில எதை வெச்சாலும் பூத்துரும். செருப்பு பூக்கும், பாயி பூக்கும், சட்டம் போட்ட போட்டோவுல இருக்கற மூஞ்சி பூக்கும். நீங்க கீழ சேலத்து வெயில்ல இருக்கறவரு, உங்களுக்கு இதெல்லாம் தெரியாது. இரும்பு பீரோவுல பூட்டி வெச்சாப் பத்திரம்னு வெச்சிருக்காரு பாவம். நல்லாப் பூட்டுன எடத்துலதானுங்க நல்லாப் பூக்கும். தொடைச்சாப் போவாதுங்களா? தொடைச்சுப் பாத்துட்டீங்களா. உள்ள வரைக்கும் போயிருச்சா. அட ஆண்டவனே.

சரி, நான் வந்த காரியம் இதுதானுங்க. என்கிட்ட ஒண்ணு இருக்குது.

போன வருசம் ஈஸ்டர் முடிஞ்ச கையோட சூசைமாணிக்கம் தனியா ஒண்ணு எடுத்து என்கிட்டக் குடுத்தாரு. அம்மணி, இங்க கரண்டு வந்து வந்து போறதுல மிசினு என்னைக்கு வேணா படுத்துரும், உம்பையன் எழுதுனது பூராவும் இதுக்குள்ள இருக்குது, பத்திரமா வெச்சுக்கோன்னாரு. எங்கூட்டுல வெச்சா எலி கடிக்கும். நான் பங்களாவுல வெச்சேன். அங்க ஒரு அலமாரி இருக்குதுங்க. மொதலாளியம்மா பட்டுச்சேலை, ஐயா கோட்டு, தோல் பெல்ட்டு, எல்லாம் அதுலதான். உள்ள எப்பவும் ஒரு பல்பு எரியும். ராவும் பகலும் அணைக்க மாட்டோம். அந்தச் சூட்டுக்கு ஈரம் அண்டாது. இந்த மலையில எந்தப் பங்களாவுக்கு வேணா போயிப் பாருங்க, அப்படி ஒரு அலமாரி இருக்கும். பல்பு பீஸ் போயி நாம கவனிக்காம உட்டுட்டமுன்னா பட்டுல பூசணம் ஏறிரும், அப்பறம் மொதலாளியம்மா வாயில உழோணும். எனக்குத் தெரிஞ்சு இந்த ஊருலயே பத்திரமான எடம் அதுதானுங்க.

மொதல்ல சேலைக்கு அடியிலதான் வெச்சிருந்தேன். ஐப்பசி அடமழை புடிச்சுது பாருங்க, சேலை மடிப்பெல்லாம் தொட்டாச் சில்லுன்னு இருந்துது. எனக்குப் பயம் வந்துருச்சு. எடுத்து, பல்பை ஒட்டினாப்பல, நல்லாக் கதகதன்னு இருக்கற எடத்துல நிக்க வெச்சேன். காலையில போனதும் மொதல் வேலை, அலமாரியத் தொறந்து அதைத் தொட்டுப் பாக்கறதுதான். சூடா இருக்கும். எம்பையன் பத்திரமா இருக்கறான்னு அடுப்புப் பத்த வெக்கப் போவேன்.

இந்தாங்க. மெல்ல வாங்குங்க. சிரிச்சாலும் சிரிங்க சாமி, நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன். சிரிப்பு வல்லியா? அப்பளமாட்டத்தான் வளைஞ்சு போச்சு. கொஞ்சங் கொஞ்சமா வளைஞ்சிருக்குது, தெனமும் பாக்கற கண்ணுக்குத் தெரியலை. இன்னைக்கு நீங்க வர்றீங்கன்னு வெளிய எடுத்து வெளிச்சத்துல பாத்தாத்தான் தெரியுது.

ஐயோ, அழுத்தாதீங்க, அழுத்தாதீங்க, உள்ள போறாப்பல இல்லை. என்னங்க? ஒடைக்கறீங்களா? எதுக்குங்க ஒடைக்கறீங்க? உள்ள இருக்கற வட்டத்தை எடுத்து வேற நல்ல கூட்டுக்குள்ள போட்டுப் பாக்கறதா? அப்படி ஆகுமுங்களா? ஆகும்னாப் பண்ணுங்க, கும்புட்டுக் கேக்கறேன் பண்ணுங்க. இதுதானா? இந்தப் பழுப்பு வட்டத்துலயா அவ்வளவும் எழுதி வெச்சிருக்கான்? ஒண்ணுமே தெரியலையே, காபித்தண்ணி கலர்ல வெறுமனே இருக்குது. பாத்துங்க, கைரேகை பட்டுறப் போவுது. இங்க மட்டும் என்னங்க, சேலைக் கொசுவமாட்ட நெளிஞ்சு நெளிஞ்சு இருக்குது?

கத்துது.

அதே சத்தந்தான் கத்துது. இன்னொருக்கா போடுங்க. வேற பக்கமாத் திருப்பிப் போட முடியாதுங்களா? சரி, இன்னொரே ஒருக்கா, எனக்காக.

வல்லீங்களா.

உடுங்க சாமி. நீங்க என்ன பண்ணுவீங்க, உங்க மேல ஒரு தப்பும் இல்லை. பூத்துரும் பூத்துரும்னு நானே சுட்டுத் தின்னுட்டேன். வாய் உட்டு அழுவோணும்னு இருக்குது. அழுதா அவரு வர்ற நேரத்துக்கு மூஞ்சி காட்டிக் குடுத்துரும்.

என்ன சொல்றீங்க? இது போனா என்ன, இதுக்கப்பறமும் மெயிலு வந்திருக்குமே, அதை மெயில் கம்பெனிக்காரங்ககிட்டக் கேட்டுப் பாக்கலாமுங்கறீங்களா? வேண்டாமுங்க. அதுக்கப்பறம் வந்தது ஒண்ணும் எம்பையன் எழுதுனதில்லை. அதெல்லாம் சூசைமாணிக்கம் சொன்னதுங்க. மிசினைப் பாத்து வாசிக்கறாப்பல, வாயாலயே உண்டாக்கிச் சொல்றாரு.

எப்படித் தெரியுமுன்னா? போன வருசம் ஒரு நாளு, அன்புள்ள அம்மாவுக்குன்னு ஆரம்பிச்சாரு. அன்புள்ள அம்மாவாம்! அப்பறம், சாப்டியா அம்மா, நேரத்துக்குச் சாப்புடு அம்மான்னு போவுது. பொறந்ததுல இருந்து எம்பையன் என்னைச் சாப்டியான்னு ஒரு வார்த்தை கேட்டதில்லீங்க. நான்தான் தட்டத் தூக்கிக்கிட்டு அவன் பின்னாடி ஓடுவேன். முழுசாக் கேட்டேன், ஒரு திட்டு இல்லை. அந்த மனுசனுக்குத் திட்டத் தெரியாதுங்க, அதான் மாட்டிக்கிட்டாரு.

அப்பவும் மனசு கேக்கலை. வெளிநாடு போயிப் பையன் பக்குவப்பட்டுட்டான் போல இருக்குதுன்னு நெனச்சுக்கிட்டேன். பொறவு வெள்ளக்கடை ஊருக்காரரு மாதப்பன் துபாயில இருந்து லீவுல வந்தாரு. அவரும் அந்தக் கம்பெனிதான். பஸ் ஸ்டாண்டுல என்னைக் கண்டதும் மூஞ்சிய அக்கட்டால திருப்பிக்கிட்டாரு. சட்டையப் புடிச்சு நிறுத்திட்டேன். உங்க பையன் போன வருசம் வேலைக்குப் போனவன் ரூமுக்குத் திரும்பலைக்கா, கம்பெனியும் தேடுச்சு, போலீசும் தேடுச்சு, ஒரு தகவலும் இல்லை, உங்ககிட்டப் பக்குவமாச் சொல்லச் சொல்லி அப்பவே சூசைமாணிக்கத்துக்குப் போன் பண்ணிட்டனேன்னாரு. நான் நேரா இங்க வந்தேன், கேட்டுறலாம்னுதான் வந்தேன். இவரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, பொன்னுவேலுக்கு அங்க பெரிய வேலை குடுத்திருக்காங்க அம்மணின்னு வாசிக்க ஆரம்பிச்சுட்டாரு. என் பக்கம் திரும்பவே இல்லை அவரு. நான் என்னத்தக் கேக்கறது? நல்லா இருக்கட்டுமுங்க, நான் சாப்புட்டேன்னு பதில் போடுங்கன்னேன். தலையக் குனிஞ்சுக்கிட்டுத் தட்டுனாரு.

இந்த விண்டோஸ் மாத்துனதுக்கப்பறம், பையன் அட்ரசும் சேந்து அழிஞ்சு போச்சு அம்மணி, இனி மெயிலு வர்றது செரமம்னு சொல்லிட்டாரு. சொல்றப்ப அவரு மூஞ்சியப் பாத்தேன். பாரத்தை எறக்கி வெச்சவன் மூஞ்சி. ஒண்ணரை வருசமா இல்லாதவனப் பேச வெக்கறதுன்னா சும்மாவா? நான் பேசாம உட்டிருக்கோணும். எனக்கு மனசு வல்லை. எப்படியாவது பழசை எடுத்துத் தாங்கன்னு நான்தான் ஒத்தக்கால்ல நின்னு உங்களை வரவழைச்சேன். அந்த ஏ அத்தாயிங்கறதை ஒருக்கா கேட்டுட்டா, அண்ணே போதும், எனக்கு எல்லாம் தெரியும், நீங்க செரமப்படாதீங்கன்னு சொல்லிறலாம்னு இருந்தேன். அது இனிக் கெடைக்காதுல்ல. எம்பையன் வர மாட்டானுங்க சாமி. எனக்குத் தெரியும். ஆரும் சொல்ல வேண்டாம்.

அந்தா, பொட்டணத்தோட ரோட்டைத் தாண்டறாரு பாருங்க. எனக்கு ஒரே ஒரு உதவி பண்ணுங்க. பழசு கெடைக்கலை, ஆனா மிசினு நல்லாயிருச்சு, அட்ரசு கெடைச்சுது, இனி அத்தாயி பையன் மெயிலு பழையபடி வருமுன்னு சொல்லுங்க. என்னை வெச்சுக்கிட்டே சொல்லுங்க. அப்பத்தான் அவரால தட்டிக் கழிக்க முடியாது. பாவந்தான், தெரியுது. பாவத்தைப் பாத்தா நான் எங்க போறது? சாப்டியான்னு கேக்க எனக்கு வேற ஆருங்க இருக்காங்க?

வாங்கண்ணே. இப்பத்தான் வந்தேன். இந்தத் தம்பி உங்ககிட்ட என்னமோ நல்ல சேதி சொல்லோணுமாம்.