தனித்தாளில் ஒரு கடிதம்

ஆசிரியர் அவர்களுக்கு,

காலையில் பல் துலக்கியதும் நான் செய்யும் முதல் வேலை, ஜன்னலைத் திறந்து தெருவில் யார் யாரோடு பேசிக்கொண்டு போகிறார்கள் என்று பார்ப்பது. ஆண்டு மலருக்காக எழுத்தாளரின் அன்றாட வாழ்க்கை பற்றி ஒரு கட்டுரை கேட்டிருந்தீர்கள். சின்ன ஊரில் உட்கார்ந்துகொண்டு இருபத்தைந்து வருடமாக எப்படிக் கதை கிடைக்கிறது என்பதையும் சொல்லச் சொல்லியிருந்தீர்கள். ஒளிக்க ஒன்றும் இல்லை. சொல்கிறேன்.

எங்கள் ஊரில் இரண்டு தெரு தாண்டுவதற்குள் நாலு பேர் நலம் விசாரிப்பார்கள். ஐந்தாவது ஆள் தொடர்கதையை விசாரிப்பார். எனக்கு ஊரில் வைத்திருக்கும் பெயரே 'கதை'தான். "கதை வருது, பேச்சை மாத்து" என்பார்கள். மாற்றுவதற்குள் எனக்கு வேண்டியது கிடைத்திருக்கும். முடிதிருத்துபவர் கத்தியைக் கழுத்தில் வைத்துக்கொண்டுதான் பேட்டி எடுப்பார்.

"போன வாரம் ஒரு வழுக்கைத்தலை வந்தாரே, எல்லாத்துக்கும் சந்தேகப்படறவரு. அது நம்ம தலைமையாசிரியர்தானே?"

"கற்பனைங்க."

"கற்பனைக்கு இடது காதுல மச்சம் இருக்குமா சார்?"

தலைமையாசிரியர் கோபித்துக்கொண்டதாகக் கேள்விப்பட்டேன். அந்த இதழில் ஆறு பிரதி வாங்கினார் என்றும் கேள்விப்பட்டேன். தையல்கார அம்மாவுக்கு நேர்மாறான குறை. "இத்தனை வருசமா எழுதறீங்க, என்னை ஒரு தடவையாவது போட்டீங்களா? நான் என்ன அவ்வளவு நல்லவளாவா இருக்கேன்?" என்று அளவெடுக்கும் நாடாவைத் தோளில் போட்டபடி வழிமறிப்பார்.

ஆனால் ஜன்னலிலும் தெருவிலும் எனக்குக் கிடைப்பது தலைப்பு மட்டும்தான். கதை அக்கா மூலமாக வரும். என்னைவிட ஏழு வயது மூத்தவள். காய் வாங்கப் போனால் ஒரு மணி நேரம் கழித்து வருவாள். பையில் காய் பாதி, செய்தி பாதி. அடுப்படியில் நின்றபடி அவள் சொல்லச் சொல்ல, நான் வாசற்படியோரம் நாற்காலி போட்டுக் கேட்பேன். யார் வீட்டு மருமகள் தட்டை எவ்வளவு சத்தமாக வைத்தாள், அந்தச் சத்தத்துக்கு மாமியாரின் முகம் எந்தப் பக்கம் திரும்பியது என்பதுவரை வந்துவிடும். காலையில் கேட்டதை மத்தியானம் நான் எழுதுவேன். சாயங்காலம் அவள் பிரதி எடுப்பாள்.

என் கையெழுத்தை வேறு ஏதோ மொழி என்று நினைத்து உங்கள் அச்சகத்தில் ஒருமுறை திருப்பி அனுப்பினார்கள். அதற்குப் பிறகு உங்களுக்கு வந்ததெல்லாம் அக்காவின் எழுத்து. பிரதி எடுக்கும்போது அங்கங்கே ஒரு வரியை மாற்றுவாள். "இந்தப் பொண்ணு இப்படிப் பேச மாட்டாடா" என்பாள். நானும் பெருந்தன்மையாக விட்டுவிடுவேன். நீங்கள் எடுத்துக்காட்டிப் பாராட்டிய வரிகள் பெரும்பாலும் அப்படி விட்டவை.

அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபோது எனக்குப் பதினைந்து வயது. பிறகு அக்காவுக்கு இரண்டு வரன் வந்தது. ஒன்று வந்தபோது எனக்குப் பரீட்சை. இன்னொன்று வந்தபோது மஞ்சள் காமாலை. இரண்டையும் அவளே வேண்டாம் என்றாள். அப்படிச் சொல்லும்படி நான் கேட்கவில்லை. இதைக் கட்டாயம் குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, ஏழு வருடத்துக்கு முன்னால் வந்தது. பக்கத்துத் தெரு மருந்துக்கடைக்காரர். மனைவியை இழந்தவர், ஒரே மகள், கல்யாணமாகி வெளியூரில். மாத்திரையை இரண்டு தடவை எண்ணிவிட்டுத்தான் கொடுப்பார். வார்த்தையையும் அப்படி எண்ணித்தான் வெளியே விடுவார் என்று நினைக்கிறேன். அக்கா இரத்த அழுத்த மாத்திரையை மாதம் ஒருமுறை வாங்கிக்கொண்டிருந்தாள். அது வாரம் ஒருமுறை ஆனது.

"மொத்தமா வாங்கினா வீணாப் போயிடும்டா" என்றாள்.

மாத்திரை ஒரு வாரத்தில் ஊசிப்போகும் என்று நான் அதுவரை கேள்விப்பட்டதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் சலவைச் சட்டையோடு வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"அக்காகிட்ட பேசிட்டேன் தம்பி. அவங்களுக்குச் சம்மதம்தான். இருந்தாலும் உங்ககிட்ட ஒரு வார்த்தை..."

"இதுல கேட்கறதுக்கு என்னங்க இருக்கு? எனக்கு ரொம்ப சந்தோஷம்" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். உள்ளே ஒரு டம்ளர் கீழே விழுந்த சத்தம் கேட்டது.

அவர் போன பிறகு அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி வந்தாள். "அம்பத்திமூணு வயசுல இது கேலிக்கூத்தா இருக்காதாடா?"

"இருந்தா நானே எழுதிடறேன்க்கா."

வாய்விட்டுச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. குறித்து வைத்தேன், பின்னால் ஒரு சிறுகதைக்கு ஆனது.

கல்யாணத்துக்குப் பிறகு எனக்காக அவள் போட்ட ஏற்பாட்டில் குறை சொல்ல முடியாது. "அடுத்த தெருதானேடா. காலையில வந்து சமைச்சு வெச்சுட்டுப் போயிடறேன். நீ எழுதினதை எடுத்துட்டுப் போய் அங்கயே பிரதி எடுத்துடறேன்" என்றாள். நானும் தலையாட்டினேன். நாள் பார்ப்பதும் பேசுவதுமாக இரண்டு வாரம் எல்லாம் நன்றாகவே போனது. பிறகு ஒருநாள் ஓட்டல்காரர் வீட்டுச் சண்டை எனக்கு முடிதிருத்தகத்தில் தெரியவந்தது. நடந்து மூன்று நாள் ஆகியிருந்தது. வீட்டுக்கு வந்து கேட்டேன்.

"உங்கிட்ட சொல்லலியா? அவர்கிட்ட சொன்னேன்டா. அதை உங்கிட்ட சொன்னதா நினைச்சுட்டேன் போல" என்றாள், வெங்காயத்தை உரித்தபடி.

எனக்குக் கோபமே வரவில்லை. நிலைமை புரிந்தது, அவ்வளவுதான். ஒரு கதை இரண்டாவது ஆளிடம் சொல்லப்படும்போது எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். இரண்டு வரியில் முடிந்துவிடும். அன்று உங்கள் பத்திரிகையில் என் தொடர் எட்டாவது வாரத்தில் இருந்தது. வாசகர்கள் காத்திருந்தார்கள். ஊருக்கு ஒரு கல்யாணம் குறைந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. தொடர் நின்றால் அப்படியா?

அன்று மத்தியானமே பதினோராவது அத்தியாயத்தை எழுதினேன். அதில் கதாநாயகி, தன்னைக் கட்டிக்கொள்ளக் கேட்டவருக்கு முடியாது என்று கடிதம் எழுதுகிறாள். பெயர் எங்கேயும் வராதபடி பார்த்துக்கொண்டேன். இரண்டு பக்கம் வந்தது. அக்கா சாயங்காலம் பிரதி எடுக்க உட்கார்ந்து, படித்துவிட்டுப் பேனாவை மூடினாள்.

"இவ எதுக்குடா வேண்டாங்கறா? அந்த ஆள் மேல ஒரு தப்பும் இல்லையே."

"கதைக்கு வேணும்க்கா."

"வேணும்னா சரி. ஆனா வேண்டாம்னு சொல்றவ இவ்வளவு பேச மாட்டா. பேசினா அவன் பதில் சொல்ல இடம் கிடைச்சிடும்." என் இரண்டு பக்கத்தையும் அடித்துவிட்டு நாலே வரி எழுதினாள்.

'நன்றாக யோசித்துவிட்டேன். எனக்கு இது வேண்டாம். காரணம் கேட்காதீர்கள்; கேட்டால் சொல்லிவிடுவேன், அது உங்களை வருத்தும். இனி எதிரில் பார்த்தாலும் பேச வேண்டாம்.'

அந்தக் கடிதத்தைப் பற்றி நீங்கள் எனக்கு எழுதியது இன்னும் என் மேசையில் இருக்கிறது. தமிழில் இதைவிடக் கூர்மையான மறுப்பை நீங்கள் படித்ததில்லை என்று எழுதியிருந்தீர்கள். மற்றவர் கண்ணில் பட்டால்தான் அதன் அருமை தெரியும் என்று எனக்கும் அப்போதே தோன்றியது. "அச்சுக்கோப்பவருக்கு வசதியா இருக்கும், கடிதம் மட்டும் தனித்தாள்ல இருக்கட்டும்க்கா" என்றேன். எழுதிக் கொடுத்தாள். மேலே பக்க எண் போட்டிருந்த அரை அங்குலத்தைப் பிளேடால் நறுக்கினேன். மறுநாள் ஒரு மணிக்கு, அவர் சாப்பிடப் போயிருந்த நேரம், உறையில் போட்டுக் கடைக் கதவின் அடியில் தள்ளிவிட்டு வந்தேன். தாளில் தேநீர் கொட்டிவிட்டது என்று அக்காவிடம் சொன்னேன். "உனக்கு எப்பவும் அவசரம்டா" என்று கடிந்துகொண்டு இன்னொரு பிரதி எழுதினாள்.

அவர் நல்ல மனிதர். காரணம் கேட்காதீர்கள் என்றால் கேட்காதவர். அந்த வாரம் அக்கா மாத்திரை வாங்கப் போனபோது தலையைக் குனிந்தபடி இரண்டு தடவை எண்ணிக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாராம்.

"ஒரு வார்த்தை பேசலடா. நான் என்ன பண்ணேன்?" என்று கேட்டாள்.

"மனசு மாறியிருக்கும்க்கா. நல்லவேளை, முன்னாடியே தெரிஞ்சுது."

அதற்குப் பிறகு மாத்திரை மறுபடியும் மாதம் ஒருமுறை ஆனது. வேறு கடையில்.

ஊர் சும்மா இருக்குமா? அக்காவின் பக்கம் நின்றது. "பொம்பளை மனசை ஒடைச்சவன் கடையில ஒரு இருமல் மருந்துகூட வாங்க மாட்டேன்" என்று முடிதிருத்துபவர் சபதம் போட்டு ஒரு மாதம் இருமிக்கொண்டே இருந்தார். தையல்கார அம்மா மருந்துக்கடைக்காரருடைய சட்டையைத் தைக்காமலே திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்தக் கடிதத்தை எடுத்து ஒருமுறை நீட்டியிருந்தால் ஊர் வாயடைத்துப் போயிருக்கும். அக்காவைப் பற்றி யாரும் தவறாகப் பேசிவிடக் கூடாது என்று அவர் நீட்டவில்லை. நல்லவர்களை வைத்துக் கதை நடத்துவது மிகவும் எளிது. நாலு மாதத்தில் கடையை மூடிவிட்டு மகள் இருக்கும் ஊருக்குப் போனார்.

தொடரில் நடுவே ஒரு ஊர்ப்பயணத்தை நுழைத்து, அந்தக் கடிதம் வரும் அத்தியாயத்தை அதுவரை தள்ளிப்போட்டிருந்தேன். கதை இழுக்கிறது என்று நீங்கள்கூடக் குறைபட்டுக்கொண்டீர்கள். காரணம் இதுதான். அவர் போன பிறகு அனுப்பினேன். நம் பத்திரிகை அந்த ஊரிலும் தவறாமல் கிடைக்கிறது. விற்பனைப் பிரிவைப் பாராட்ட வேண்டும். வெளியான பத்தாவது நாள் அக்கா பெயருக்கு ஒரு கடிதம் வந்தது. எங்கள் வீட்டுத் தபாலை வழியிலேயே என் கையில் கொடுத்துவிடுவது தபால்காரரின் வழக்கம்.

'தொடரைப் படித்தேன். உங்கள் நாலு வரி அதில் அப்படியே இருக்கிறது. எனக்கு வந்த தாள் அரை அங்குலம் குட்டையாக இருந்ததை அன்றே கவனித்தேன், காரணம் புரியவில்லை. ஒன்று மட்டும் சொல்லுங்கள். அதை எனக்கு எழுதினீர்களா, கதைக்கு எழுதினீர்களா?'

பதில் போவதாக இருந்தால் அக்காவின் கையெழுத்தில்தான் போக வேண்டும். அதற்கு இன்னொரு அத்தியாயம் எழுதியாக வேண்டும். தொடர் முடிந்துவிட்டிருந்ததால் விட்டுவிட்டேன். வருடத்துக்கொன்றாக இன்னும் இரண்டு வந்தன. நாலாவது கடிதம் மகளின் கையெழுத்தில். அப்பாவுக்கு வலது பக்கம் விழுந்துவிட்டது, எழுத முடியவில்லை, ஒரு வார்த்தை வந்தால் போதும் என்கிறார் என்று எழுதியிருந்தாள். அது வந்து மூன்று வருடம் இருக்கும். அவர் இப்போது இருக்கிறாரா என்று எனக்குத் தெரியாது. முன்பின் தெரியாத பெண்ணுக்கு எழுதிக் கேட்பது முறையாகப் படவில்லை.

கடிதங்களைக் கிழிக்க மனம் வரவில்லை. இரண்டாவது கடிதம் அவ்வளவு நன்றாக இருந்தது. கதை வறண்ட சமயங்களில் எடுத்துப் படிப்பேன். போன மாதம் புதுத்தொடருக்கு ஒரு காதல் கடிதம் தேவைப்பட்டது. சொந்தமாக நாலு நாள் முயன்றேன். வரவில்லை. அவருடையதை எடுத்துத் தேதியை மட்டும் மாற்றி எழுதி அக்காவிடம் கொடுத்தேன்.

வழக்கம்போலப் பிரதி எடுத்துக்கொண்டிருந்தாள். நான் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன். 'அன்று உங்கள் குடையின் வளைந்த கம்பியை நிமிர்த்திக் கொடுத்தேன். இரண்டு நிமிட வேலை. நீங்கள் நிற்கட்டும் என்று அரை மணி நேரம் செய்தேன்' என்ற இடத்தில் பேனா நின்றது.

"இந்தக் குடை எங்கேர்ந்துடா வந்துச்சு?"

"கற்பனைக்கா."

அப்படி ஒன்று உண்மையாகவே நடந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. அவள் அதை என்னிடம் சொன்னதே இல்லை. என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மீதிப் பக்கத்தையும் ஒரு எழுத்துப் பிசகாமல் எழுதி முடித்து முற்றுப்புள்ளி வைத்தாள். மையை ஒற்றி எடுத்தாள்.

"எத்தனைடா?" என்று கேட்டாள்.

"நாலுக்கா."

கையை நீட்டினாள். எடுத்துக் கொடுத்தேன். அங்கேயே உட்கார்ந்து நாலையும் வரிசையாகப் படித்தாள். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நான் எழுதும்போது குறுக்கே பேசும் பழக்கம் அவளுக்கு எப்போதும் கிடையாது. மறுநாள் காலை பத்து மணி பேருந்தில் போய்விட்டாள். அந்த ஊருக்குத்தான் சீட்டு வாங்கினாள் என்று நடத்துநர் சொன்னார். அவர் சொன்ன விதத்தில் ஊருக்கே தெரிந்துவிட்டது என்று தெரிந்தது. முடிதிருத்துபவர் இப்போது சவரம் செய்யும்போது பேசுவதில்லை. கத்தி மட்டும் மெதுவாகப் போகிறது. தையல்கார அம்மா என்னைப் பார்த்தால் கதவைச் சாத்திக்கொள்கிறார். கதைக்குள் வர அவ்வளவு ஆசைப்பட்டவர்.

எழுத்தாளரின் அன்றாட வாழ்க்கை இவ்வளவுதான். அக்காவின் நாலு வரியை எடுத்து அவளுடைய கல்யாணத்தை நிறுத்தியது நான்தான். அவளுக்கு வந்த நாலு கடிதத்தையும் மறைத்தது நான்தான். இதில் அவளுக்கு வருத்தம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. அவளும் பாதி எழுத்தாளர்தானே. புதுத்தொடரின் அடுத்த மூன்று அத்தியாயங்களை எழுதி, பிரதி எடுக்க வசதியாக அவள் மேசையில் வைத்திருக்கிறேன். சற்றுத் தாமதமாகக் கிடைக்கும், பொறுத்துக்கொள்ளவும். அவள் போய் இன்றோடு பத்தொன்பது நாள் ஆகிறது. இதுவரை ஒரு வரிகூட எழுதவில்லை. சீக்கிரமே திரும்பி வரப்போகிறவள் எதற்காக எழுதப் போகிறாள்.