மழைக்கூடத்துக்கு மேலே ஒரு வீடு

தலைமை நாற்காலியில் அமர்ந்தும், முன்வரிசையில் யாருக்குக் கடைவாய்ப்பல் சொத்தை என்றே நோட்டம் விட்டுக்கொண்டிருக்கும் எங்கள் அன்புத் தலைவர், பல் டாக்டர் அவர்களே! பணப்பெட்டிச் சாவியை இடுப்பிலும் சங்கத்தின் மானத்தை நெஞ்சிலும் சுமக்கும் பொருளாளர், இரும்புக்கடை அண்ணன் அவர்களே! முழங்கால் தேய, முதுகு உரச, மூச்சு முட்ட அந்தக் குகைக்குள் முதன்முதலில் தவழ்ந்துபோய் எங்களுக்கு வழி கண்ட மூத்தவர்களே! சேறு அப்பிய சட்டையை வாரந்தோறும் அலசிப் பிழிந்து, "நான் பெத்தது புள்ளையா, பெருச்சாளியா?" என்று கேட்டபடியே சோறு போடும் தாய்மார்களே! (அம்மா, நீ முறைக்காதே, பெயர் சொல்லவில்லையே!) மேடைக்கு வாருங்கள் என்று மன்றாடியும் மறுத்து, வாசலோர நாற்காலியில் மடியில் துணிப்பையோடு அமர்ந்திருக்கும் தையல்கார அக்கா அவர்களே! அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

எனக்குத் தந்திருக்கும் நேரம் குறைவு. எனக்கிருக்கும் பொறுமை அதைவிடக் குறைவு. ஆகவே சுற்றி வளைக்காமல் சொல்கிறேன்.

குகையைக் காப்பதற்கென்று நம் குகையாய்வுச் சங்கம் ஆண்டுக்கு ஒரு நல்கைத் தொகை தருகிறது. ஒன்றே ஒன்று. இந்த ஆண்டு அது எதற்கு? குகை வாயிலுக்கு இரும்புக் கதவா? குகைக்கு மேலே இருக்கிற தையல்கார அக்கா வீட்டுக்குச் செப்டிக் டேங்க்கா? இதுதான் இன்றைய கேள்வி. வேறு கேள்வி இல்லை.

யார் அங்கே? "கக்கூஸ் கட்டவா சங்கம் வச்சோம்?" என்கிறீர்களா? நல்ல கேள்வி, ஐயா. உட்காருங்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இந்த மைக்கைப் பிடித்திருக்கிறேன்.

அன்பர்களே! மழைக்கூடத்தை மறந்தவர் இந்த மண்டபத்தில் உண்டா? தலையைக் குனிந்து, தோளைக் குறுக்கி, தவழ்ந்து, தடுமாறி, தலை இடித்து, அந்தச் சந்து வழியைத் தாண்டி நிமிர்ந்தால் ஓர் அரங்கம்! கூரையெங்கும் கல் விழுதுகள். விழுதுதோறும் ஒரு துளி. துளிதோறும் ஒரு விளக்கொளி. வெளியே வெயில் கொளுத்தும் காலத்திலும் உள்ளே ஓயாமல் சொட்டும் மழை! நாம்தானே அதற்கு மழைக்கூடம் என்று பெயர் வைத்தோம்? நாம்தானே அதன் அடியில் நின்று படம் எடுத்துக்கொண்டோம்? நம் தலைவர்தானே தலைக்கவசத்தைக் கழற்றி, கண்ணை மூடி, நாக்கை நீட்டி, "ஆகா! பாறை வடிகட்டின தண்ணி! இதுக்கு ஈடு ஏது?" என்று பருகினார்?

சிரிக்காதீர்கள். நீங்களும் குடித்தீர்கள். நானும் குடித்தேன். வரிசையில் நின்று குடித்தோம்!

அந்தக் கூடத்துக் குளத்தில் ஓர் உயிர் வாழ்கிறது. நகக்கண் அளவுக்கு ஒரு வெள்ளை இறால். கண் கிடையாது. நிறம் கிடையாது. சூரியன் என்ற ஒன்று இருக்கிறது என்ற சேதியே அதற்குப் போய்ச் சேரவில்லை. முன்பெல்லாம் விளக்கைத் தாழ்த்தினால் கூட்டம் கூட்டமாக நெளியும். பிறகு கூட்டம் குறைந்தது. தண்ணீர் கலங்கியது. கல்லில் வழுவழுப்பு ஏறியது. ஏன்?

தண்ணீர் எங்கே போகிறது என்று முதலில் கண்டுபிடிப்போம் என்றார் தலைவர். அதற்கு நம்மிடம் ஒரு முறை உண்டு. உயிருக்குத் தீங்கில்லாத பச்சைச் சாயத்தைக் குளத்தில் கரைப்போம். வெளியே எந்த ஊற்றில், எந்த ஓடையில் பச்சை தெரிகிறதோ, அங்கே போகிறது தண்ணீர். எளிய வேலை. பொறுமை மட்டும் வேண்டும்.

கரைத்தோம். காத்திருந்தோம். காணோம்.

வாயைத் திறக்கச் சொல்லிவிட்டு ஆளை அரைநாள் மல்லாக்கப் போட்டுவைக்கும் மனிதர், அன்று மட்டும் துடித்தார். "தம்பி, டோஸ் பத்தலை. இன்னொண்ணு ஊத்துவோம்."

"வேண்டாம் சார், நிலத்தடித் தண்ணி மெதுவாத்தான் நகரும்" என்றேன். குழாயும் வடிகாலும் படித்தவன் நான். அதில் வேலை பார்ப்பவன்.

"நீ குழாய் பார்த்தவன். நான் ஈறு பார்த்தவன். கசிவைப் பத்தி எனக்கா பாடம் எடுக்கற?"

ஊற்றினார்! ஊற்றிய கையோடு மழை வேறு பிடித்துக்கொண்டது. முதல் சாயமும் இரண்டாம் சாயமும் கைகோத்துக்கொண்டு புறப்பட்டன. எங்கே போயின? ஓடைக்கா? இல்லை. ஊற்றுக்கா? இல்லை. தையல்கார அக்கா வீட்டுக் கொல்லைக் கிணற்றுக்கு!

அன்றைக்கென்று ஆஸ்பத்திரி நர்சுகளுக்குத் தைக்க வாங்கிய வெள்ளைத் துணியை அக்கா ஊறப்போட்டிருந்தார். எடுத்துப் பார்த்தால் கிளிப்பச்சை! அந்தத் துணியை அப்படியே தோளில் போட்டுக்கொண்டு, தெருத் தெருவாக விசாரித்து, நம் தலைவரின் மருத்துவமனைக்குள் நுழைந்தார். நாற்காலியில் ஒரு நோயாளி வாயைப் பிளந்து கிடக்கிறார்.

"கெணத்துல சாயம் கலந்த மகராசன் யாரு?"

"அம்மா, அது ஓர் ஆராய்ச்சி..."

"ஆராய்ச்சியா? உங்க வெள்ளைக் கோட்டைக் கழட்டிக் குடுங்க டாக்டரே, நானும் முக்கி எடுத்து ஆராய்ச்சி பண்றேன்!"

வாய் பிளந்த நோயாளி சிரித்த சிரிப்பில் ஊசி எங்கோ பறந்தது என்று கேள்வி. இல்லையா, தலைவரே? சரி, பறக்கவில்லை, உருண்டது.

அன்றே புதுத் துணி வாங்கிக் கொடுத்து அக்காவைச் சமாதானப்படுத்தியவர் யார்? இதோ இருக்கிற இரும்புக்கடை அண்ணன். சங்கத்துக் காசில் அல்ல, சொந்தக் காசில். இன்று கதவு வேண்டும் என்று வாதாடுபவரும் இவரே. அவருக்கு வியாபாரம் என்று யாரும் நாக்கில் பல் படப் பேச வேண்டாம்; இரும்பை இலவசமாகத் தருகிறேன் என்றவர் அவர். கூலிக்குத்தான் நல்கை கேட்கிறார். உள்ளே போய்ப் பெயர் கிறுக்குகிறவனை, விழுதை உடைத்து வீட்டுக்குக் கொண்டுபோகிறவனை நிறுத்த வேண்டும் என்கிறார். நியாயம். அந்த நியாயத்தை நான் மறுக்கவில்லை.

ஆனால் அண்ணே! கதவைக் கண்டால் மனிதன் நிற்பான். கழிவு நிற்குமா? பூட்டைக் கண்டால் திருடன் திரும்புவான். கூரை வழியே சொட்டுகிற சொட்டு திரும்புமா?

அழுக்கு எங்கிருந்து வருகிறது என்று எனக்கு அப்போதே சந்தேகம். வரைபடத்தை விரித்துப் பார்த்தால், மழைக்கூடத்துக்கு நேர் மேலே அக்காவின் வீடு. போய்க் கேட்டேன்.

"அக்கா, உங்க கக்கூஸ்ல கொஞ்சம் சாயம் ஊத்தணும்."

"ஏன்ப்பா? கெணத்துல ஊத்தினது பத்தலையா? வீடு பூராவும் வர்ணம் அடிக்கப் போறீங்களா?"

"இது சிவப்பு, அக்கா. எங்க போகுதுன்னு பாக்கணும்."

"எங்க போகும்? போற எடத்துக்குப் போகும்! படிச்ச புள்ள, இதையா தேடிக்கிட்டு அலையற? ஒங்கம்மாவுக்குத் தெரியுமா?"

தெரியும். மூன்றாம் வரிசையில் தலையில் அடித்துக்கொள்கிறார், பாருங்கள்.

ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார் அக்கா. "நானும் வருவேன். என் வீட்டைப் பத்தின சேதியை நீ வந்து எனக்குச் சொல்லக் கூடாது. நான் பாக்கணும்." இரும்புக்கடை அண்ணன் தன் தலைக்கவசத்தையே கழற்றிக் கொடுத்தார். விளக்கு நல்ல விளக்கு. தாடைப் பட்டைதான் அறுந்திருந்தது. ஒரு நாடாவால் கட்டிக்கொண்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, அந்தச் சந்துக்குள் அக்கா நுழைந்த வேகத்தைப் பார்த்து நம் மூத்தவர்களே வழிவிட்டு ஒதுங்கினார்கள்.

மேலே அவர் மகள். கீழே நாங்கள். சாயம் ஊற்றியதும் கடப்பாரையால் தரையைக் குத்து என்று சொல்லி வைத்திருந்தோம். மேலே குத்துகிற இடம் கீழே கேட்கும். நாம் எப்போதும் இடம் கண்டுபிடிக்கிற வழிதான். விளக்குகளை அணைத்துவிட்டு இருட்டில் காது கொடுத்தோம்.

டொக். டொக். டொக்.

தலைக்கு நேர் மேலே.

"எம் பொண்ணு" என்றார் அக்கா. அந்தக் குரலை நான் அதற்கு முன்பு கேட்டதில்லை.

காத்திருந்தோம். இந்த முறை தலைவரும் காத்திருந்தார். விளக்கைப் போட்டபோது நடு விழுதின் நுனியில் ஒரு துளி திரண்டிருந்தது. சிவப்பு. அது விழுந்தது. அடுத்தது திரண்டது. அதுவும் சிவப்பு. மழைக்கூடம் முழுவதும் குங்குமம் கரைத்தாற்போல் சொட்டத் தொடங்கியது.

"டாக்டரே, இங்கதான் நாக்கை நீட்டிக் குடிச்சீங்களா?"

தலைவர் புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"ருசி எப்படி இருந்துச்சு?"

சிரித்துவிட்டோம். அக்காவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே குளத்தின் ஓரம் குந்தினார். ஓர் இறால், ஒன்றே ஒன்று, விளக்கொளிக்கு விலகாமல் நின்றது.

"இதுக்குக் கண்ணு இல்லையா தம்பி?"

"இல்லக்கா. இருட்டுல தேவைப்படாது."

"பக்கத்து வீட்டுக்காரி மேல ஒரு சொட்டுத் தண்ணி தெறிச்சா தெருவே கூடிடும். நான் இம்புட்டு நாளா இது தலையில கொட்டியிருக்கேன். சண்டைக்குக்கூட வரலையேப்பா இது!"

பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "இந்தத் தண்ணிதானே எங்க கெணத்துக்கு வருது?"

ஆமாம் என்றேன். எனக்குப் பூசி மெழுகத் தெரியாது. மழைக்காலம் வந்தாலே மகளுக்கு வயிற்றுவலி, வாந்தி, ஆஸ்பத்திரி. எத்தனை மருந்து, எத்தனை பத்தியம்! குளத்தோரக் கல்லின் மேலேயே உட்கார்ந்துவிட்டார் அக்கா. நாங்கள் யாரும் அவசரப்படுத்தவில்லை. நான்கூட.

மறுநாள் என்ன செய்தார் தெரியுமா? கழிவறைக் கதவை இழுத்துப் பூட்டினார். வெடித்த பாறையில் தோண்டிய வெறும் குழி அது. இனி ஒரு சொட்டு இறங்கக் கூடாது என்றார். அன்று தொட்டு அவரும் மகளும் ஒவ்வொரு தடவையும் அடுத்த தெருவில் இருக்கும் தங்கை வீட்டுக்கு நடக்கிறார்கள். வெயிலிலும் நடக்கிறார்கள். மழையிலும் நடக்கிறார்கள். தங்கை கணவரின் முகம் சுளிப்பதைப் பார்த்துக்கொண்டும் நடக்கிறார்கள். கதவா, தொட்டியா என்று நாம் இங்கே மின்விசிறிக்கு அடியில் வாதாடிக்கொண்டிருக்கிறோமே, இந்த நேரம் வரைக்கும் நடக்கிறார்கள்!

பாறையைக் குடைந்து, கசியாத தொட்டி கட்டி, நிரம்பினால் லாரி வந்து உறிஞ்சும்படி செய்ய வேண்டும். ஒரு தையல் இயந்திரத்தை மிதித்து அதைக் கட்ட முடியாது. அதனால்தான் கேட்கிறேன். குகைக்காப்பு என்றால் என்ன? குகைக்குள் மட்டுமா குகை இருக்கிறது? அதன் கூரைமேல் வாழ்கிறவர் குகையில் சேர்த்தி இல்லையா? அவர் கிணறு சேர்த்தி இல்லையா? அவர் மகள் வயிறு சேர்த்தி இல்லையா?

குகைக்கு முதலில் கதவு போட வேண்டும் என்கிறீர்களே, அண்ணே! முதல் கதவைப் போட்டாயிற்று! தன் வீட்டுக் கழிவறையைப் பூட்டினாரே ஒருவர், அதுதான் இந்தக் குகைக்கு விழுந்த முதல் பூட்டு! அந்தப் பூட்டைத் திறந்து விடுகிற சாவி, இன்று உங்கள் கையில்!

நன்றி, கை தட்டியது போதும். நம் வழக்கப்படி வாக்கெடுப்பு. மண்டப விளக்குகளை அணையுங்கள், மின்பணியாளரே. விசிறி ஓடட்டும். செப்டிக் டேங்க்குக்குச் சம்மதம் என்றால் தலைவிளக்கைப் போடுங்கள். இல்லையென்றால் இருட்டாகவே இருங்கள்.

அடடா, தலைவரே! நான் சொல்லி முடிப்பதற்குள் எரிகிறதே! அதோ மூத்தவர்கள் வரிசை. அதோ ஜன்னலோரம். கக்கூஸ் கட்டவா என்று கேட்ட ஐயா, உங்கள் விளக்கும் தெரிகிறது, மறைக்காதீர்கள்!

மேடையில் ஓர் இருட்டு மட்டும் இருக்கிறது. அண்ணே?

என்ன, பேட்டரி தீர்ந்துவிட்டதா? "ஆளுக்கு மூணு வெளக்கு இல்லாம எவனும் உள்ள வராதே" என்று குகை வாயிலில் நின்று எங்களைச் சோதனை போடுகிற பொருளாளருக்கா பேட்டரி தீர்ந்தது? நல்ல விளக்கைத்தான் கடன் கொடுத்துவிட்டாரே, பாவம்!

யாரோ நடந்து வருகிறார்கள். வழி விடுங்கள். அக்கா! துணிப்பையிலிருந்து எடுக்கிறார். அண்ணனுடைய அதே தலைக்கவசம். மைக்கில் சொல்லுங்கள், அக்கா.

"திருப்பிக் குடுக்கத்தான் வந்தேன் அண்ணே. பட்டை அறுந்திருந்துச்சு. ரெட்டைத் தையல் போட்டிருக்கேன், இனி பிய்யாது. வெளக்கைப் போடறதும் போடாததும் உங்க இஷ்டம்."

போட்டுக்கொண்டார். பட்டையை இழுத்துப் பார்க்கிறார். இரும்புக்கடைக்காரர் அல்லவா, உறுதி பார்க்காமல் எதையும் நம்ப மாட்டார்.

எரிகிறது!

அன்பர்களே, இனி எனக்குப் பேச்சில்லை. பொறுத்துக் கேட்ட பெரியோருக்கும், பாதியில் மணியடிக்காத தலைவருக்கும், பட்டை தைத்துத் தந்த கைக்கும், பட்டும் படாமல் முறைத்த என் அம்மாவுக்கும் நன்றி. உங்கள் விளக்கெல்லாம் என் கண்ணில் அடிக்கிறது. ஒரு முகமும் தெரியவில்லை. அதனால் எல்லோருக்கும் சேர்த்து ஒரே கும்பிடு. வணக்கம்!