நிழலுக்குப் பேட்டன்ட்

“நிழலைக் கழட்டி வச்சுட்டு ஓடறதுக்கெல்லாம் பேட்டன்ட் வாங்குவாங்களாடா?”

சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஸ்ரீரங்கம் போகும் பஸ்ஸில், முன் சீட்டில் இரண்டு இளைஞர்கள். சேர்ந்து ஒரு வீடியோ கேம் செய்திருக்கிறார்கள். அதில் மாட்டிக்கொண்டால் நிழலை மட்டும் விட்டுவிட்டு ஆள் தப்பிக்கலாமாம். அந்த உத்தி தங்களுடையது என்று ஏதோ ஒரு கம்பெனி நோட்டீஸ் அனுப்பியிருக்கிறது. கேட்டவன் கண்ணாடி போட்டவன்.

“நமக்குத் தோணின மாதிரி அவங்களுக்கும் தோணியிருக்கும்” என்றான் தாடிக்காரன்.

“பேட்டன்ட்ல அவங்க போட்டிருக்கற படத்தைப் பாரு. விளக்கு இடது பக்கம் இருக்கு, நிழலும் இடது பக்கமே விழுது.”

“அதுக்கென்ன?”

“அது நான் பண்ண தப்புடா. முதல் வெர்ஷன்ல மட்டும் இருந்துச்சு. மறுநாளே சரி பண்ணிட்டேன்.”

“அப்ப எங்கேயோ லீக் ஆகியிருக்கும்.”

“எங்கேர்ந்து? அதை நான் உனக்கு மட்டும்தான் அனுப்பினேன்.”

பஸ் காவிரிப் பாலத்தில் ஏறியது. பாலம் முடியும்வரை தாடிக்காரன் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சட்டென்று எழுந்து, கண்டக்டரிடம் “அண்ணே, மாம்பழச்சாலை இறங்கணும்” என்றான்.

இரண்டு பேருக்கும் ஸ்ரீரங்கத்துக்கு டிக்கெட் எடுத்ததே அவன்தான்.