இறக்கம் இருக்கோ?

"பயமில்லாமல் கதைக்கிறதிலை நான்தான் முதலாவது. ஆனா அப்பாவுக்கு முன்னாலை வாய் திறக்கேலாதடி."

மினிபஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு உயர்தர வகுப்பு மாணவிகள். தலைமைத்துவப் பயிற்சி முகாம் முடிந்து வீடு திரும்புகிறார்கள். இதைச் சொன்னவள் சான்றிதழைச் சுருட்டுவதும் விரிப்பதுமாக இருந்தாள்.

"பயோவை விட்டிட்டு ஆர்ட்ஸ் படிக்கப்போறன் எண்டு இன்னும் சொல்லேல்லையோ?" என்றாள் சிநேகிதி.

"இல்லை. நாளைக்குப் படிவத்திலை அவர் கையெழுத்து வைக்கோணும்."

"நேற்று மைக்கிலை நூறு பேருக்கு முன்னாலை முழங்கினனியெல்லே!"

"அந்த நூறு பேரிலை என்ரை அப்பா இல்லையே."

சண்டிலிப்பாய்ச் சந்தி வந்தது.

"அங்கை பார், கொப்பர் சைக்கிளோடை நிக்கிறார். இறங்கடி!"

அவள் அசையவில்லை. பஸ் அவள் அப்பாவைக் கடந்து போனது.

"என்னடி செய்யிறாய்?"

"அடுத்த தரிப்பிலை இறங்கித் திரும்பி நடக்கிறன். அவரிட்டைப் போறதுக்குள்ளை நாலு தரம் சொல்லிப் பாத்திடுவன்."

அடுத்த தரிப்பில் வேகம் குறைந்தது. "இறக்கம் இருக்கோ?" என்று கண்டக்டர் கேட்டார்.

"இல்லை அண்ணை, போங்கோ!" என்றாள் சான்றிதழ்க்காரி, மைக் இல்லாமலே பஸ் முழுக்கக் கேட்க.