கோடு இல்லாத எட்டாவது போல்ட்

மேடையில் வீற்றிருக்கும் அருட்தந்தை அவர்களே, எங்கள் கார்ப் பட்டறையின் உரிமையாளர் திரு. குமரன் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் அந்தோனி அண்ணனின் மனைவி அல்போன்சம்மாள் அண்ணி, அவர்கள் மகன் கீத், வேலைநேரத்தை மாற்றிக்கொண்டு இந்த ஃபேரர் பார்க் மண்டபத்துக்கு வந்திருக்கும் பெரியோர்களே, நண்பர்களே! அனைவருக்கும் ரக்ஷனாவின் வணக்கம்.

மேடையில் பேசி எனக்குப் பழக்கமில்லை. ஆகவே எழுதி வந்திருக்கிறேன். தாளைப் பார்த்தே படிப்பதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தலைமைத் தொழில்நுட்பர் திரு. அந்தோனி ஆரோக்கியசாமி அவர்கள், ஐம்பத்து மூன்று வயதில், நுரையீரல் புற்றுநோயால் நம்மை விட்டுப் போய்விட்டார். துக்கம் இருக்கிறது. இருந்தும் இந்த நான்கு வாரமாக என் மனத்தில் துக்கத்தைவிடப் பெரிதாக ஒரு நிம்மதி இருக்கிறது. அது ஏன் என்று சொல்லத்தான் நிற்கிறேன். அதைச் சொன்னால் அவர் செய்த தவறு ஒன்றையும் சொல்லியாக வேண்டும். இரங்கல் கூட்டத்தில் அப்படிச் சொல்லலாமா? அண்ணியிடமே கேட்டேன். “சொல்லும்மா. அதை விட்டுட்டு அவரைப் பத்திப் பேச என்ன இருக்கு?” என்றார்.

அந்தோனி அண்ணன் இருபத்தாறு ஆண்டுகள் இத்தாலிய கார்களைப் பழுதுபார்த்தார். அதிலும் பன்னிரண்டு சிலிண்டர் எஞ்சின் வைத்த நெடுந்தூரக் கார்கள் என்றால் அவருக்கு உயிர். என்னை வேலைக்கு எடுத்த முதல் வாரம், எல்லோரும் “இஞ்சினியர் மேடம் வந்துட்டாங்க, எந்திரிங்கப்பா” என்று கிண்டலடித்துக்கொண்டிருந்தபோது, அவர் மட்டும் என்னைக் காரின் அடியில் கூப்பிட்டு ஒரு கேள்வி கேட்டார். “எஞ்சின் முன்னாடி இருக்கு. கியர்ப்பெட்டியைக் கொண்டுபோய்ப் பின்னாடி வச்சிருக்கான். ஏன்?”

எடையைச் சமமாகப் பிரிக்க, என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

“அதேதான்! வீடு மாத்தும்போது ஃபிரிட்ஜை ரெண்டு பேர் தூக்குறோம்ல? ஒருத்தன் மட்டும் பாரம் சுமந்தா மூலையில திரும்ப முடியுமா?” என்றார்.

எஞ்சினையும் கியர்ப்பெட்டியையும் இணைப்பது ஒரு நீண்ட தண்டு. நிமிடத்துக்கு எட்டாயிரம் சுற்றுக்கு மேல் சுழலும். அந்தத் தண்டு ஓர் அலுமினியக் குழாய்க்குள் இருக்கிறது. குழாயின் பின்முனையைக் கியர்ப்பெட்டியோடு எட்டு போல்ட்டுகள் பிடித்திருக்கின்றன. இவ்வளவு தெரிந்தால் போதும், இனி நான் சொல்லப்போவது உங்களுக்குப் புரியும்.

எப்படிப்பட்ட மனிதர் அவர்! திறந்த மலைச்சாலைக்காக வடிவமைத்த கார் நம் ஊர் நெரிசலில் சூடேறுகிறது என்று ஒரு வாடிக்கையாளர் குறைப்பட்டபோது, தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை அந்தக் காரைத் தேக்கா கடைத்தெருவுக்கே ஓட்டிப் போனார். பேருந்துக்குப் பின்னால் ஒரு மணி நேரம் ஊர்ந்தோம். நான் பக்கத்தில் உட்கார்ந்து வெப்பநிலையைக் குறித்தேன். காய்கறிப் பைகளோடு சாலையோரம் நடந்த ஒருவர் எங்களை இரண்டு முறை முந்திவிட்டார். இரண்டாம் முறை கண்ணாடியைத் தட்டி, “தம்பி, இவ்வளவு விலை குடுத்து வாங்கிட்டு நடக்குற வேகத்துல போறீங்களே, ஏறிக்கவா?” என்றார். அண்ணன் சிரித்த சிரிப்பில் நான் இரண்டு அளவுகளைத் தவறவிட்டேன். அந்த ஒரு மணி நேரக் கணக்கிலிருந்துதான் எஞ்சின் அறையின் சூட்டை வெளியேற்றும் காற்றுவழியை இருவரும் சேர்ந்து வடிவமைத்தோம்.

அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு போல்ட்டையும் குறித்த இறுக்கத்துக்கு முறுக்கி, ஸ்பேனரிலிருந்து ‘டிக்’ என்று சத்தம் வந்த பிறகு, அதன் தலைமேல் மஞ்சள் பெயிண்டால் ஒரு கோடு போடுவார். முறுக்காமல் கோடு போடமாட்டார். கோடு போடாமல் அடுத்த போல்ட்டைத் தொடமாட்டார்.

ஆகஸ்டு மாதம் எங்கள் வாடிக்கையாளர் திரு. சுரேந்தர் அவர்களின் காரில் கியர்ப்பெட்டியைக் கழற்றி மாட்டியவர் அண்ணன். மறுவாரம் மருத்துவமனையில் சேர்ந்தார். செப்டம்பரில் அந்தக் கார் ஒரு கண்காட்சிக்குப் போனது. காரின் அடியை மூடும் அடித்தகட்டைக் கழற்றி, கீழே கண்ணாடி வைத்துக் காட்டினார்கள். மஞ்சள் கோடுகள் அசிங்கமாகத் தெரிகின்றன, துடைத்துவிடு என்றார்கள். துடைத்தவள் நான்.

துடைக்கும்போது எண்ணினேன். ஏழு கோடுகள்தான் இருந்தன. எட்டாவதில் இல்லை. வேறு யாரோ துடைக்கத் தொடங்கியிருப்பார்கள் என்று நானே முடிவுசெய்துகொண்டேன். யாரிடமாவது கேட்டேனா? கேட்கவில்லை. கேட்கக் கூச்சம். அடித்தகடு மறுபடி ஏறியது. எட்டு போல்ட்டுகளும் கண்ணிலிருந்து மறைந்தன.

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை காலை, நானும் உடன் வேலைபார்க்கும் இம்ரானும் மருத்துவமனைக்குப் போனோம். இம்ரான் கண்காட்சிப் படங்களைக் காட்டினார். அண்ணன் ஒரு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

“கோடு எங்க?”

“துடைச்சாச்சுண்ணே, ஷோவுக்காக” என்றார் இம்ரான்.

“எட்டும் இருந்துச்சா?”

“இருந்துச்சுண்ணே, நீங்க செஞ்ச வேலைல. ரெஸ்ட் எடுங்க லா.”

“கடைசிப் போல்ட் எனக்கு ஞாபகத்துல இல்ல. அன்னிக்கு மூச்சு முட்டி வெளியே போய் உக்காந்தேன். திரும்பி வந்து முறுக்கினேனா?”

மருந்து மயக்கத்தில் பேசுகிறார் என்று இம்ரான் எனக்குக் கண்ணைக் காட்டினார். நான் கட்டிலின் காலடியில் நின்றிருந்தேன். விடைபெற்றுக்கொண்டு லிஃப்ட் வரை நடந்தேன். கதவு திறந்தது. நான் ஏறவில்லை. திரும்பி வந்து, “அண்ணே, ஏழுதான் இருந்துச்சு” என்றேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. “வண்டி இப்ப எங்க?” என்று மட்டும் கேட்டார்.

கார் மலேசிய நெடுஞ்சாலையில் இருந்தது! சுரேந்தர் அவர்கள் அன்று காலைதான் மகள் வித்யாவோடு பினாங்குக்குப் புறப்பட்டிருந்தார். அழைத்தோம், எடுக்கவில்லை. மீண்டும் அழைத்தோம். ஆறாவது முறை எடுத்தார். வழியில் மச்சாப் என்ற நெடுஞ்சாலை ஓய்விடத்தில் நாசி லெமாக் சோறு சாப்பிட நிறுத்தியிருக்கிறார்.

“வண்டி அருமையா ஓடுது அந்தோனி. எதுக்கு இப்பப் பயமுறுத்துறீங்க? உடம்பைப் பாருங்க” என்றார்.

அண்ணன் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார்: “சார், என் மேல கோபப்படுங்க. எவ்வளவு வேணும்னாலும் கோபப்படுங்க. ஆனா சாவியைப் பாக்கெட்டுல போட்டுட்டுக் கோபப்படுங்க.”

கோபப்பட்டார். ஆனால் சாவியைப் பாக்கெட்டில் போட்டார். சுரேந்தர் சார், இந்த மண்டபத்தில்தான் இருக்கிறீர்கள். அதற்காக உங்களுக்கு எங்கள் நன்றி.

இழுவை லாரியில் கார் வந்து சேர்ந்தது. மறுநாள் காலை அடித்தகட்டைக் கழற்றினோம். இம்ரான் ஸ்பேனரை வைத்து ஒவ்வொன்றாக முறுக்கிப் பார்த்தார். டிக். டிக். ஏழு போல்ட்டுகள் இம்மியும் அசையவில்லை. எட்டாவது அரைச் சுற்றுத் திரும்பியது. குமரன் சார் பக்கத்தில் கிடந்த டயர்மேல் உட்கார்ந்துவிட்டார். ஒன்று தளர்ந்தால் மற்றவையும் தளரும். குழாய் இடம் மாறினால் அந்த வேகத்தில் சுழலும் தண்டு என்ன செய்யும் என்பது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும்.

மருத்துவமனைக்கு நான்தான் போனேன். “எட்டாவது லூஸா இருந்துச்சுண்ணே.”

“அப்பாடா!” என்றார். தலையணையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். பிறகு, “பாத்தியா, நான் உளறல! அண்ணிகிட்டயும் சொல்லு” என்றார். செய்த தவறு உறுதியானதில் அப்படி மகிழ்ந்த மனிதரை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்தேன்.

பாதித் தவறு என்னுடையது என்று சொல்லி அழுதேன். “நான் முறுக்கல. நீ கேக்கல. அவர் சாப்பிட நிறுத்தினார். மூணு பேர்ல ஒருத்தராவது சரியாச் செஞ்சோமே!” என்றார். அதற்குள் உள்ளே வந்திருந்த அண்ணி சிரித்தார். கீத் சிரித்தான். நானும் சிரித்தேன். அதன்பின் பன்னிரண்டு நாள் இருந்தார். அந்தப் பன்னிரண்டு நாளும் நன்றாகத் தூங்கினார் என்று அண்ணி சொன்னார்.

அவர் கை ஒரு முறை தவறியது. அது தவறியிருக்கலாம் என்று முதலில் சந்தேகப்பட்டவரும் அவர்தான். தன் பெயரைக் காப்பாற்ற நினைத்திருந்தால் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாமே! யாருக்குத் தெரிந்திருக்கும்? அவர் தன் பெயரை விட்டுவிட்டு, காரில் இருந்த இரண்டு பேரைப் பிடித்துக்கொண்டார். வித்யா இன்று அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். எனக்கு அதைவிடப் பெரிய நிம்மதி என்ன வேண்டும்?

அந்தோனி அண்ணே! உங்கள் வேலைகளை நாங்கள் பங்கிட்டுக்கொண்டுவிட்டோம். கியர்ப்பெட்டி வேலை இம்ரானுக்கு. காற்றுவழியின் அடுத்த வடிவம் எனக்கு. இன்னொரு வேலையையும் நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். எங்கள் பட்டறையிலிருந்து கார் வெளியே போகும்முன், முறுக்கியவர் யாராக இருந்தாலும், அவர் முன்னால் நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி, “எத்தனை முறுக்கினீங்க?” என்று கேட்பது. நேற்று முதல் முறையாகக் கேட்டேன். ஒரு காரின் போல்ட்டுகளை முறுக்கி முடித்திருந்த குமரன் சாரிடம். அவர் மறுபடி காரின் அடியில் போய் எண்ணிவிட்டு வந்து பதில் சொன்னார். நாளையும் கேட்பேன்.