ஆறு மாசத்துல தானா உட்கார்ந்தது

— சுவர்ல இருக்கற அந்த போட்டோவை மட்டும் தொடாதே. மத்தது எதை வேணா எடுத்துக்கோ.

— தொடலை அக்கா. பார்க்கக்கூடக் கூடாதா?

— பார்க்கறவனுக்குக் கையில எதுக்குடா திருப்புளி?

— பஸ் ஓட்டின கை. எதையாவது பிடிச்சுக்கிட்டே இருந்தாத்தான் நிம்மதி.

— அப்போ இதைப் பிடி. அப்பாவோட கண்ணாடி. சீட்டுல என்ன எழுதியிருக்குன்னு படி.

— "அப்பா. கடைசியாப் போட்டது. இடது காது பக்கம் நூல் சுத்தினது நான்." அக்கா, மருந்துக் கடையை மூடி எவ்வளவு நாளாச்சு, இன்னும் எல்லாத்துக்கும் சீட்டு கட்டிக்கிட்டு இருக்கே. மாமா கழுத்துல ஒண்ணு கட்டலையா?

— கட்டியிருப்பேன். எக்ஸ்பைரி தேதி போட மனசு வரலை.

— நான் சொன்னேன்னு மாமாகிட்ட சொல்லிடாதே. அது என்ன, சீப்பா?

— அம்மாவோடது. ரெண்டு பல்லு போயிடுச்சு. உன் பொண்ணு கேட்டாளே, அவளுக்குத்தான். சீட்டோட குடு, தெரியுதா? சீட்டு இல்லைன்னா நாளைக்கு இது வெறும் சீப்பு. என் சீட்டுல ஒரு எழுத்து பொய் இருக்காது. ஒரு பாட்டில்ல தப்பா எழுதினா ஒரு உயிர் போயிடும்னு பயந்து பயந்து எழுதினவ நான்.

— தெரியும், தெரியும். ஊருக்கே தெரியும். அந்தக் கவரைப் பிரி.

— ஒட்டிக்கிச்சுடா, வரமாட்டேங்குது.

— உன் கோணல் சுண்டுவிரலை விட்டு நெம்பு. அது எதுக்கு இருக்கு?

— கிண்டலா? மூணு வயசுல கதவுல மாட்டின விரல். அன்னைக்கு வளைஞ்சது அப்படியே நின்னுடுச்சு. ஆனா உண்மையைச் சொல்லணும்னா, கடையில மாத்திரைப் பாட்டில் அடியில ஒட்டிக்கிட்ட பஞ்சை எடுக்க இதைவிட ஒரு ஆயுதம் கிடையாது. இந்தா, வந்துடுச்சு.

— யாரு இது? அத்தையா?

— அத்தையேதான். முகத்தைப் பாரு, போட்டோக்காரனையே திட்டிக்கிட்டு இருக்காங்க.

— இதைத் தரியா? பொண்ணு ஒரு சுவர் முழுக்க மாட்டப் போறா. அதுல நடு வரிசை என்னன்னா, வீட்ல இருக்கற எல்லாரும் குழந்தையா இருந்தப்போ எடுத்தது. அவ மாமனார், மாமியார், மாப்பிள்ளை, இவ, கடைசியில நம்ம புதுசு, என் பேத்தி.

— இரு, ஃபோன்ல புதுசை இன்னொரு தடவை காட்டு. மூக்கைப் பாருடா. யார் மூக்கு இது?

— அதைத்தானே அவளும் கேக்கறா. "அப்பா, உங்க குழந்தை போட்டோ ஒண்ணு குடுங்க, ஒப்பிட்டுப் பார்க்கணும்"ங்கறா. நான் எங்க போவேன்? எனக்கு முதல் போட்டோவே லைசென்ஸுக்கு எடுத்ததுதான். மீசையோட.

— அப்போ நம்ம வீட்டு நிலைமை அப்படிடா. அம்மா போனப்புறம் யாருக்கு போட்டோ நினைப்பு வரும்?

— நான் குறை சொல்லலை. அவ, "பரவாயில்லைப்பா, உங்க இடத்துல ஒரு காலி ஃப்ரேம் மாட்டிடறேன், அழகா இருக்கும்"ன்னா. சரிம்மான்னு சொல்லிட்டேன். வெளியில வந்து வண்டியில உட்கார்ந்தேன். சாவி போட மறந்து கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன். இந்த வயசுல இதுக்கெல்லாம் வருத்தப்படுவாங்களான்னு கேக்காதே. எனக்கு வருத்தமா இருந்துச்சு.

— கேக்கலைடா.

— அதனாலதான் உன்னோடதையாவது மாட்டலாம்னு வந்தேன். அத்தை பட்டம் குடுத்த போட்டோ.

— பட்டமா? நடந்ததைச் சொன்னாங்க. அந்த கவுன் அவங்க கையால எனக்குத் தைச்சது. கழுத்துல அந்தச் சுருக்குத் தையலைப் பார்த்ததுமே, "இது நம்ம பெரியவ. ஆறு மாசத்துல பாரு, ஒருத்தர் பிடிக்காம தானா உட்கார்ந்திருக்கா"ன்னாங்க. பின்னாடி சீட்டுலயும் அதைத்தான் எழுதியிருக்கேன். "நான். ஆறு மாசம். யாரும் பிடிக்காம தானா உட்கார்ந்தது."

— அந்த ஒரு வரியைக் கேட்டுக் கேட்டே நான் வளர்ந்தேன். சைக்கிள்ல இருந்து விழுந்தாக்கூட, "உங்க அக்கா ஆறு மாசத்துலயே..."

— நீ வாங்கிக் கட்டிக்கிட்டே, நான் வளர்ந்தேன். பள்ளிக்கூடம் போக மாட்டேன்னு கதவைப் பிடிச்சு அழுதா, அத்தை அதைச் சொல்லுவாங்க. நான் கண்ணைத் துடைச்சுக்கிட்டுப் போயிடுவேன். கடை ஆரம்பிச்சப்போ, பொம்பளையால தனியா முடியுமான்னு எல்லாரும் கேட்டாங்க. இதைப் பார்த்துட்டுத்தான் கதவைத் திறந்தேன். நீதான் ஒரு வயசு வரைக்கும் சாய்ச்சு வச்சா சரிஞ்சு சரிஞ்சு விழுவே, மூட்டை மாதிரி. நாள் தள்ளிப் பொறக்க வேண்டியவன், அவசரப்பட்டு வந்துட்டே.

— பஸ்ஸைத்தான் நேரத்துக்கு எடுத்தேனே, போதாதா? சரி, ஒண்ணு சொல்லு. பொண்ணு எல்லார்கிட்டயும் கேக்கறா. உனக்கு ஞாபகத்துல இருக்கற முதல் விஷயம் எது?

— முதல் விஷயமா... எதுக்கோ பின்னாடி குந்தியிருக்கேன். தலையைத் தூக்காதே, தூக்காதேன்னு ஒருத்தர் சொல்றார். கால் மரத்துப் போகுது. கண்ணாமூச்சி ஆடியிருப்போம் போல.

— யாரோட?

— தெரியலை. யாருமே தேடி வரலை, அது மட்டும் ஞாபகம் இருக்கு.

— அக்கா. ஒரு நிமிஷம். பயப்படாதே. அந்த போட்டோ கண்ணாடிக்குள்ள ஒண்ணு ஓடுது.

— எங்க?

— போட்டோவுல உன் காது பக்கத்துல. காகிதம் திங்கற பூச்சி. அந்தா, அட்டைக்கு அடியில போயிடுச்சு.

— ஐயோ, அப்பா கையால அடைச்ச ஃப்ரேம்டா அது. இதுவரைக்கும் ஒருத்தரும் திறந்ததில்லை.

— திறக்கலைன்னா உன் காதைத் தின்னுட்டுத்தான் அடுத்த ஸ்டாப்ல இறங்கும். என்ன சொல்றே?

— ... கதவைச் சாத்து, காத்து அடிக்குது. மேசையில துணியை விரி. மெதுவா, கேட்டுக்கோ, மெதுவா.

— முதல் கியர்லதான் போறேன். ஆணி துருப்பிடிச்சிருக்கு. ஒண்ணு வந்துடுச்சு. பின்னட்டையை நீ பிடி. இப்போ கண்ணாடி. ஆச்சு. போட்டோ ஒட்டலை அக்கா, நல்ல வேளை.

— பூச்சி?

— நசுக்கியாச்சு. இந்த முன்னாடி அட்டை, நடுவுல முட்டை மாதிரி ஓட்டை வெட்டினது, இதை அப்பாவா வெட்டினார்? கோணலா இருக்கே.

— வேற யாரு? அவருக்கு நேர்கோடு வந்ததே இல்லை. தூக்கு.

— தூக்கறேன். அட, போட்டோ பெருசா இருக்கே. அட்டை பாதியை மறைச்சிருக்கு. ஸ்டூல், பின்னாடி திரை... அக்கா.

— என்னடா?

— இங்க ஒரு கை இருக்கு.

— யாரோட கை? குடு இங்க. கண்ணாடி, என் கண்ணாடி எங்க... நெத்தியில இருக்கா? சரி. எங்க?

— குழந்தையோட முதுகுப் பக்கம். கவுனைக் கொத்தாப் பிடிச்சிருக்கு பாரு. சின்னக் கை. ஸ்டூலுக்குப் பின்னாடி யாரோ குந்தியிருக்காங்க. இங்க ரிப்பன் கட்டின பின்னல் நுனி. கீழ ஒரு செருப்பு.

— வெளிச்சத்துக்கு நேரா பிடி.

— அக்கா, அந்தச் சுண்டுவிரலைப் பார்த்தியா?

— பார்த்துட்டேன்.

— கோணலா இருக்கு.

— பார்த்துட்டேன்டா. சத்தம் போடாதே.

— கதவுல மாட்டினது மூணு வயசுலன்னு சொன்னே. அப்போ இந்தக் கை உன்னோடதுன்னா, மேல உட்கார்ந்திருக்கறது...

— நீ.

— நானா? உன் கவுன் போட்டுக்கிட்டா?

— உனக்குத் துணி ஏது? சீக்கிரமாப் பொறந்தவன், எல்லாம் என்னோட பழசுதான். இரு. பேசாதே. ஞாபகம் வருது. அந்த வாசனை... கறுப்புத் துணிக்குள்ள தலையை விட்டுக்கிட்டு ஒரு ஆளு. அப்பா பக்கத்துல நின்னு, "தலையைத் தூக்காதேம்மா, நீ தெரியக்கூடாது, தம்பி தானா உட்கார்ற மாதிரி இருக்கணும்"ங்கறார். கண்ணாமூச்சி இல்லைடா அது.

— ஏன் அப்படி?

— அம்மா ஆஸ்பத்திரியில இருந்தா. குழந்தைங்களை உள்ள விட மாட்டாங்க. தம்பிக்குக் கழுத்து நின்னுச்சா, உட்கார்றானான்னு போறப்பெல்லாம் கேப்பாளாம். நீ எங்க உட்கார்ந்தே? விட்டா சரிஞ்சே. நானும் முழுசா மறையலை போல. அதான் அப்பா அட்டையை வெட்டி என்னை மூடிட்டு, ஃப்ரேம் போட்டு எடுத்துட்டுப் போயிருக்கார். தோள்ல பை மாட்டிக்கிட்டுக் கிளம்பினது கண்ணு முன்னாடி நிக்குது.

— அம்மா பார்த்தாளா?

— பார்த்தா. "சிரிச்சா, உங்கம்மா சிரிச்சா"ன்னு வந்து சொன்னார். அவர் அன்னைக்கு ஏன் அவ்வளவு சந்தோஷமா இருந்தார்னு எனக்கு இத்தனை நாள் புரியலை.

— பின்ன அத்தை உன்னைச் சொன்னப்போ அப்பா ஏன் வாயைத் திறக்கலை?

— அத்தை ஒண்ணு சொன்னப்புறம் அந்த வீட்ல யார் மாத்திப் பேசியிருக்கா? அதோட... அம்மா தவறின வருஷம் நான் யாரோடயும் பேசாம இருந்தேனாம். அத்தை இதைச் சொன்னதும்தான் நிமிர்ந்து உட்கார்ந்தேனாம். அப்பா அதைப் பார்த்துட்டு விட்டிருப்பார். அவர் சுபாவம் உனக்குத் தெரியாதா?

— அக்கா, இதை மறுபடி மூடிடலாம். அட்டையைப் போட்டு, ஆணியை அடிச்சு, இருந்த இடத்துல மாட்டிடலாம். சத்தியமா யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். பொண்ணுகிட்டகூட.

— உன் காலி ஃப்ரேம்?

— அது கிடக்குது. நான் பார்த்துட்டேன், எனக்குப் போதும். குழந்தையா இருந்தப்போ நானும் ஒரு இடத்துல உட்கார்ந்திருக்கேன். என்னையும் ஒருத்தி பிடிச்சிருக்கா. இதுக்கு மேல என்ன வேணும்?

— ஃபோனை எடு.

— எதுக்கு?

— புதுசோட மூக்கைக் காட்டுன்னா காட்டேன். ம். இப்போ இதைப் பாரு. அதே மூக்கு. அச்சு அசல். உன் பேத்தி உன்னைத்தான் உரிச்சு வச்சிருக்கா.

— ஆமா அக்கா. ஆமா, அதே மூக்குதான்.

— அழுவாதே. போட்டோ மேல சொட்டிடும். தள்ளி உட்காரு. அந்த அட்டையைக் குடு, துடைச்சிட்டு இருந்தபடியே போடறேன்.

— அட்டை வேண்டாம். அப்படியே போடலாம், பெரிய ஃப்ரேமா வாங்கிக்கிறேன். நீயும் தெரியணும். இல்லைன்னா சுவர்ல உன் இடம் காலியாயிடும்.

— காலி எங்கடா? அட்டைக்கு அடியில நான்தானே இருக்கேன். இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு. அதெல்லாம் உன் பேத்திக்குத் தெரிய வேண்டாம். ஆணியை அடி, விரல்ல அடிச்சுக்காதே. பழைய சீட்டைக் கிழிச்சாச்சு. புதுச் சீட்டு எழுதப் போறேன், பேனா எங்க?

— இந்தா. என்ன எழுதறே?

— "தம்பி. ஆறு மாசம். யாரும் பிடிக்காம தானா உட்கார்ந்தது."